பிரசவ அறைக்குள் யார் கூட வரலாம்?

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றிலிருந்து இருபத்தொன்பது வயதுத் தாய் ஒருவர் எழுதிய ஐந்து பக்கக் கடிதத்துக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு மூன்றரை வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இப்போது இரண்டாவது பிள்ளையை முப்பது வாரமாகச் சுமக்கிறார். மார்கழி நடுப்பகுதியில் பிரசவத் திகதி. முதற் பிரசவத்தை நினைத்தால் இன்றும் இரவில் நித்திரை குழம்புகிறது என்கிறார். அன்று காலை ஆறு மணிக்குத் தாயும் கணவரும் விடுதி வாசலில் நிறுத்தப்பட்டார்கள். இரவு எட்டு மணிக்குப் பிள்ளை பிறக்கும்வரை அவர் தெரிந்த முகம் ஒன்றையும் காணவில்லை. மல்லாந்து படுக்கச் சொன்னார்கள், எழும்பி நடக்க விடவில்லை, தண்ணீர் கேட்டபோது "பிறகு" என்றார்கள், கத்தியபோது ஏசினார்கள். வைத்தியர்கள் தமக்குள் சிங்களத்தில் பேசிக்கொண்டது அவருக்கு விளங்கவில்லை. பிறப்புவாயிலில் வெட்டியதைத் தைக்கும்போதுதான் வெட்டப்பட்டதையே அறிந்தார். பிள்ளையைத் துடைத்து எங்கேயோ கொண்டுபோய், ஒரு மணித்தியாலம் கழித்தே கையில் கொடுத்தார்கள். இடையில், "இரத்தம் கொஞ்சம் கூடப் போனதென்று ஒரு பை ஏற்றினவை" என்று ஓர் அரைவரி எழுதியிருக்கிறார்.

அந்த அறைக்குள் மீண்டும் தனியே போவதில்லை என்பது அவரது தீர்மானம். மூன்று வழிகள் அவர் முன்னால் இருக்கின்றன. ஊரில் பிள்ளைப்பேறு பார்த்துப் பழகிய பெரியம்மா முறையான ஒருவரை வைத்து வீட்டிலேயே பெறுவது முதலாவது. நகையை அடகு வைத்து, யாழ்ப்பாணத்தில் கணவரும் கூடத் தங்கக்கூடிய தனியார் வைத்தியசாலைக்குப் போவது இரண்டாவது; அங்கே நாள் குறித்துச் சிசேரியன் செய்துகொள்ளும்படி வெளிநாட்டிலிருக்கும் மச்சாள் வற்புறுத்துகிறார். மூன்றாவது, பழைய அரச வைத்தியசாலை. மாமியாரோ, ஆம்பிளை பிரசவ அறைக்குள் போவது எங்கேயும் இல்லாத வழக்கம் என்கிறார். கணவர் "நீ சொன்னால் வாறன்" என்கிறாரே தவிர, அவர் முகத்தில் பயம் தெரிகிறதாம். "கணவர் கூட வருவது என் உரிமை இல்லையா? அரச வைத்தியசாலையில் அது நடக்குமா? நடக்காதென்றால் மூன்றில் எதைத் தெரிவு செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

அன்பான தங்கைக்கு,

ஒன்றை ஒப்புக்கொள்ளாமல் உங்களுக்குப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. வன்னியின் பிரசவ விடுதிகளில் முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக இருந்த காலத்தில், உங்கள் அம்மாவைப் போன்ற எத்தனையோ பேரை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்தியவர்களில் நானும் ஒருத்தி. உறவினர் உள்ளே வந்தால் கிருமி வரும், சத்தம் வரும், வேலைக்குக் குறுக்கே நிற்பார்கள் என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு நானும் அதையே கற்பித்தேன். அதனால் அந்தக் கதவுக்காக இங்கே வாதாடப் போவதில்லை. ஆனாலும் அந்தக் கதவின் மேலுள்ள கோபத்தில் நீங்கள் எடுக்க நினைக்கும் ஒரு முடிவை நான் மறுத்தே ஆகவேண்டும்.

நீங்கள் அரைவரியில் கடந்துபோனது

ஐந்து பக்கத்தில் என்னை நிறுத்தியது அந்த ஒரு பை இரத்தந்தான். பிள்ளை பிறந்த பின் இரத்தம் ஏற்றும் அளவுக்குப் பெருக்கு ஏற்பட்ட ஒரு தாய்க்கு, அடுத்த பிரசவத்திலும் அது நேர்வதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லீற்றருக்கும் மேலாக இரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. இளங்கொடி கழன்ற பிறகு கருப்பை இறுகிச் சுருங்கி அந்தக் குழாய்களை நெரித்து மூடவேண்டும். அது தளர்ந்துபோய்க் கிடந்தால், சற்று முன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தாய் இரண்டு மணித்தியாலத்துக்குள் இறந்துபோகலாம். இதற்கு வைத்தியசாலையில் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிள்ளை பிறந்தவுடன் கருப்பையைச் சுருங்கவைக்கும் 10 அலகு ஒட்சிற்றோசின் ஊசி, வயிற்றின் மேல் கைவைத்துக் கருப்பை இறுகுகிறதா என்று அடிக்கடி பார்ப்பது, முன்கூட்டியே கையில் ஏற்றிவைத்த சேலைன் ஊசி, தேவைப்பட்டால் இரத்த வங்கியிலிருந்து இரத்தம், அதற்கும் அடங்காவிட்டால் சத்திரசிகிச்சைக் கூடம். உங்கள் பெரியம்மாவின் கைப்பழக்கத்தை நான் குறைத்து மதிக்கவில்லை; அவரைப் போன்றவர்களிடம் நானும் சில விடயங்கள் கற்றிருக்கிறேன். ஆனால் இந்த ஐந்தில் கைவைத்துப் பார்ப்பதைத் தவிர வேறொன்றும் அவரிடம் இல்லை. மார்கழி மழையில் வாய்க்கால் பெருகி, யானை நிற்கும் வீதியால் நள்ளிரவில் முப்பத்தைந்து கிலோமீற்றர் போகவேண்டிய ஊரில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதையும் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதற் பிரசவத்தில் ஒரு சிக்கலும் இல்லாத தாய்க்குக்கூட வன்னியில் வீட்டுப் பிரசவத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

அம்மா சொன்னதில் எது சரி

உங்கள் அம்மா சொன்னதாக நீங்கள் எழுதிய வசனத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்: "2009 மாசியில தரப்பாள் கொட்டிலுக்குள்ள தம்பியைப் பெறேக்கையும் என்ர கையைப் பிடிக்க ரெண்டு பேர் இருந்தவை, உன்னை மாபிள் பதிச்ச ஆசுப்பத்திரியில தனிய விட்டிட்டாங்கள்." அந்தப் பேச்சில் பாதி முழு உண்மை. மறுபாதியை, அதே தரப்பாள்களுக்குள் இரத்தம் நிற்காமல் போன தாய்மாரைப் பற்றி, அம்மாவிடம் ஒருநாள் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கேட்க மனம் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். எனக்கும் சொல்ல மனமில்லை.

1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அதாவது ஐம்பது பிரசவத்துக்கு ஒரு சாவு. இன்று அந்த எண்ணிக்கை முப்பதை ஒட்டி நிற்கிறது, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் வைத்தியசாலையில் நடக்கின்றன. 1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ இல்லம் திறந்ததிலிருந்து பயிற்சி பெற்ற மருத்துவமாதர்களும், ஒவ்வொரு பிரதேசத்தின் சுகாதாரத்துக்கும் ஒரு குழுவைப் பொறுப்பாக்கி 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், உங்கள் படலை வரை சைக்கிளில் வரும் குடும்பநல உத்தியோகத்தரும் சேர்ந்து நடத்திய காரியம் இது. அந்தக் காரியம் நடந்த வேகத்தில் கையைப் பிடித்திருந்த பெண்களை வாசலிலேயே விட்டுவிட்டோம். உயிரைக் காக்க அவர்களை வெளியே நிறுத்த வேண்டியிருந்தது என்று நாங்கள் நம்பினோம். அது தவறு என்பது இப்போது நிறுவப்பட்ட விடயம்.

இந்தத் தவறு எங்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதையும் சொல்லவேண்டும். இன்று கணவர் கூட நிற்பதைப் படத்தில் பார்த்து நீங்கள் ஏங்கும் அமெரிக்காவிலேயே, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தாயை அரைமயக்கத்தில் கிடத்திப் பெறவைத்தார்கள், தகப்பனை வெளியே உலாத்த விட்டார்கள், பிள்ளையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தார்கள். அதை எதிர்த்துத் தாய்மாரும் தாதியரும் பல ஆண்டுகள் பேசிய பின்னர்தான், குடும்பத்தை நடுவில் வைத்த பிரசவப் பராமரிப்பு வேண்டும் என்று 1978இல் அங்குள்ள மகப்பேற்று வைத்தியர், குழந்தை வைத்தியர், தாதியர், மருத்துவமாதர் அமைப்புகள் கூட்டாக அறிக்கை விட்டன. ஆனால் எனக்கு அதைவிட நெருக்கமாகப் படுவது, 1980இல் வெளியான குவாத்தமாலா நாட்டு ஆய்வொன்று. எங்களுடையதைப் போலவே நெருக்கடியான, உறவினரை உள்ளே விடாத அரச வைத்தியசாலை அது. அங்கே சில தாய்மார் அருகில், முன்பின் தெரியாத, மருத்துவம் படிக்காத ஒரு பெண்ணை நிறுத்தினார்கள்; அவர் செய்ததெல்லாம் முதுகைத் தடவியதும், கையைப் பிடித்ததும், பேசிக்கொண்டிருந்ததுந்தான். துணையில்லாத தாய்மார் அனுமதிக்கப்பட்டுப் பிள்ளை பெறச் சராசரியாகப் பத்தொன்பது மணித்தியாலம் எடுத்தது. துணை நின்றவர்களுக்கு ஒன்பது மணித்தியாலத்துக்கும் குறைவு. பிறகு வந்த ஆய்வுகளில் இவ்வளவு பெரிய இடைவெளி தெரியவில்லை என்பது உண்மை. ஆனால் பதினேழு நாடுகளில் பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரிடம் நடத்திய 26 ஆய்வுகளை 2017இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, தொடர்ந்து ஒருவர் துணை நின்ற தாய்மாரில் சிசேரியன் குறைவு, நோவு நேரம் குறைவு, பிரசவத்தைக் கசப்பாக நினைவுகூர்பவர்களும் குறைவு என்றே தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில், தாய் தானே தெரிவு செய்யும் துணை ஒருவர் கூட இருக்கவேண்டும் என்பதும் ஒன்று.

கணவர் வருவது உரிமையா?

இதில் நீங்கள் இரண்டு பக்கத்தாலும் கொஞ்சம் தவறாக விளங்கியிருக்கிறீர்கள். கணவரை உள்ளே விடும்படி கட்டளையிடுகிற, வைத்தியசாலைக்கு முன்னால் நீட்டிக் காட்டக்கூடிய சட்டப்பிரிவு இலங்கையில் இல்லை. மறுபக்கத்தில், துணை என்பது பணம் கட்டுபவர்களுக்கு மட்டும் கிடைக்கும் வசதியும் அல்ல. அரச வைத்தியசாலைகளிலேயே பெண் துணை ஒருவரை அனுமதிக்கும் வழக்கம் பரவிவருகிறது. ஓரிடத்தில் தாராளமாகவும், இன்னோரிடத்தில் கேட்டால் மட்டும், மற்றோரிடத்தில் அன்றைக்குக் கடமையிலிருப்பவரின் மனத்தைப் பொறுத்தும் நடக்கிறது. பெண் துணை என்று ஏன் சொல்கிறார்கள் தெரியுமா? நீங்கள் எழுதியபடியே, உங்கள் கட்டிலுக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் இடையில் இருந்தது ஒரு திரைச்சீலைதான். உங்கள் கணவர் உங்களுக்குத் துணை. அந்தத் திரைக்கு அப்பால் கிடக்கும் பெண்ணுக்கு அவர் ஓர் அந்நிய ஆண். தனித்தனி அறை கட்டும்வரை அந்தப் பெண்ணின் மானத்தையும் யாராவது யோசித்தே ஆகவேண்டும். மாமியாரின் பேச்சை முழுவதும் ஏற்காவிட்டாலும், அதற்குள் இந்த நியாயம் கொஞ்சம் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது.

துணை என்றால் கணவராகத்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. மேலே சொன்ன நன்மைகளில் பெரும்பகுதி பெண் துணைகளால் கிடைத்தவை. பயந்த முகத்தோடு நிற்கும் கணவரைத் தேற்றுவது உங்கள் இன்னொரு வேலையாகிவிடக் கூடாது. அவரிடம் மனம்விட்டுக் கேளுங்கள். வரத் தயங்கினால் அதை அன்புக் குறைவாக எண்ணவேண்டாம். அவருக்குரிய இடங்கள் வேறு நிறைய உண்டு: கிளினிக்குக்கு ஏற்றிவந்துவிட்டு வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்காமல் உள்ளே வந்து இருப்பது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் கர்ப்பகால வகுப்புக்குக் கூட வருவது, பிள்ளை பிறந்த பின் சட்டையைக் கழற்றித் தன் நெஞ்சோடு அணைத்துச் சூடு கொடுப்பது. கடைசியாகச் சொன்னதை ஆண்களும் செய்யலாம் என்பது பல தகப்பன்மாருக்குத் தெரியாது.

அம்மாவையே துணையாக நினைத்திருப்பீர்கள். அதற்கு முன் அவரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இரத்தத்தையும் கத்தலையும் அந்த அறையில் பார்த்துக்கொண்டு நிற்க அவருக்கு முடியுமா? 2009ஐக் கடந்து வந்த சில தாய்மார் தங்கள் மகளின் கட்டிலருகில் நிலைகுலைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்குச் சிரமமென்றால் அக்காவோ சித்தியோ, ஊரில் நிதானமான வேறொரு பெண்ணோ வரலாம்.

உண்மையான உரிமை உங்களுக்கு இருப்பது வேறிடத்தில். உங்கள் உடம்பில் எதைச் செய்வதாக இருந்தாலும் ஏனென்று சொல்லி, உங்கள் சம்மதம் கேட்டுத்தான் செய்யவேண்டும். வடக்கின் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. தெற்கிலிருந்து வந்து எங்களுக்காக இரவிரவாக வேலை செய்யும் வைத்தியர் தமிழ் தெரியாதவராக இருக்கலாம், அது அவர் குற்றமல்ல, ஆனால் அவர் சொன்னதை ஒரு தாதியைக் கொண்டு தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லிக் கேட்பதற்கு நீங்கள் கூச்சப்படத் தேவையில்லை.

நாள் குறித்த சிசேரியனும் யாழ்ப்பாணமும்

மச்சாளின் யோசனை பாசத்தில் வந்தது என்பதை நம்புகிறேன். என்றாலும் மருத்துவக் காரணம் இல்லாத சிசேரியன், நீங்கள் அஞ்சுகிற தனிமையைக் குறைக்காது. கூட ஒருவரும் வராத சத்திரசிகிச்சைக் கூடம், அதன்பின் தையல் நோவோடு எழும்பிப் பிள்ளையைத் தூக்க முடியாத நாட்கள், அடுத்த முறை கர்ப்பமானால் இளங்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து என்று விலை ஒன்றன்பின் ஒன்றாக வரும். முப்பத்தொன்பது வாரத்துக்கு முன் நாள் குறித்தால் பிள்ளைக்கு மூச்சுத் திணறலும் வரக்கூடும். முதற் பிள்ளையைச் சாதாரணமாகப் பெற்ற உடம்பு உங்களுடையது. இரண்டாவது பெரும்பாலும் விரைவாகவே வரும்.

தனியார் வைத்தியசாலையை நான் தடுக்கவில்லை. ஆனால் நகையை அடகுக்கு வைக்க முன் அவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இரவில் மகப்பேற்று நிபுணர் அங்கேயே இருப்பாரா, அவசரத்துக்கு இரத்தம் எங்கிருந்து எவ்வளவு நேரத்தில் வரும், பிள்ளைக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டால் எங்கே அனுப்புவார்கள்? மூன்றாவது கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதில் ஓர் அரச வைத்தியசாலையின் பெயராக இருந்தால், அந்தப் பணத்துக்கு நீங்கள் வாங்குவது என்னவென்று யோசித்துப் பாருங்கள். நோவு கண்டபின் நூறு கிலோமீற்றர் பயணம் என்பதும் கணக்கில் வரவேண்டும்.

ஆகவே என் ஆலோசனை மூன்றாவது வழிதான்: மகப்பேற்று நிபுணரும் இரத்த வங்கியும் உள்ள அரச வைத்தியசாலை. ஆனால் போன தடவையைப் போல் வெறுங்கையோடு போகாமல், இப்போதே ஆயத்தம் செய்துகொண்டு போகவேண்டும்.

இந்தப் பத்து வாரத்தில் செய்யவேண்டியவை

*இரத்த அளவு.* பெருக்கைத் தாங்கும் உடம்பு வேண்டுமென்றால் ஹீமோகுளோபின் 11க்குக் குறையக் கூடாது. இருபத்தெட்டாம் வாரத்துப் பரிசோதனை செய்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யாவிட்டால் அடுத்த கிளினிக்கிலேயே கேளுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடு எடுத்தால் பாதிக்கு மேல் வீண். கல்சியக் குளிசையையும் அதையும் வெவ்வேறு நேரத்தில் போடுங்கள். தேசிக்காய்த் தண்ணீரோடு போட்டால் நல்லது.

*பழைய விபரம்.* முதற் பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு விடும்போது தந்த டயக்னோசிஸ் காட்டைத் தேடி எடுங்கள். இரத்தம் ஏற்றிய விபரத்தைக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் நிபுணரின் கிளினிக்கிலும் சொல்லி, பதிவேட்டின் முன்பக்கத்தில் தெளிவாக எழுதுவியுங்கள். நோவு வந்து கிடக்கும்போது இதை நீங்கள் சொல்லவேண்டிய நிலை வரக் கூடாது. அந்தக் கிளினிக்கில்தான் துணை பற்றியும் கேட்கவேண்டும்: "போன முறை எனக்குப் பெருக்கு வந்தது, பயமும் இருக்கிறது; அக்கா ஒருவர் கூட இருக்க அனுமதி எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள். நிபுணர் பதிவேட்டில் எழுதிய ஒரு வரிக்கு, அன்றிரவு கடமையிலிருக்கும் தாதியிடம் இருக்கும் மதிப்பை நான் அறிவேன்.

*இடம்.* முப்பத்தெட்டாம் வாரத்திலிருந்து வைத்தியசாலைக்குக் கிட்ட உறவினர் வீட்டில் தங்குங்கள். அப்படி யாரும் இல்லாவிட்டால், தூர இடமென்றும் மாரி காலமென்றும் சொல்லி முன்கூட்டியே விடுதியில் அனுமதிக்கும்படி கேட்கலாம். அப்படி வந்து கிடக்கும் தாய்மார் எங்கள் விடுதிகளில் எப்போதும் உண்டு. அதற்கு முன்னரே தண்ணீர்க்குடம் உடைந்தாலோ இரத்தம் கண்டாலோ 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். 2018இலிருந்து அது வடக்கிலும் ஓடுகிறது, கட்டணம் கிடையாது.

*துணை வருபவர்.* தடிமன், காய்ச்சல் இல்லாதவராக, சுத்தமான உடுப்போடு வரவேண்டும். இடுப்பின் கீழ்ப்பகுதியை அழுத்தித் தேய்ப்பது, வாய்க்குத் தண்ணீர் கொடுப்பது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சலம் கழிக்க நினைவூட்டுவது, நோவு வரும்போது கூடச் சேர்ந்து மூச்சு விடுவது. அவ்வளவுதான் அவர் வேலை. "முக்கு, முக்கு" என்று அவர் கத்தக் கூடாது. அந்த நேரத்தைத் தாதி சொல்லுவார். கைபேசியில் படம் எடுக்கவே கூடாது. வெளியே நில்லுங்கள் என்று அவசரத்தில் யாராவது சொன்னால் மறுபேச்சின்றி நிற்கவேண்டும். ஒரு துணையின் நல்ல நடத்தையால் அடுத்து வரும் பத்துத் தாய்மாருக்குக் கதவு திறக்கும். ஒரு வீடியோவால் அது மாதக்கணக்கில் மூடப்படும்.

அறைக்குள் நீங்கள் கேட்கக்கூடியவை

போன தடவை உங்களுக்கு நடந்தவற்றில் பல, எல்லாத் தாய்மாருக்கும் வழமையாகச் செய்யத் தேவையில்லாதவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைகளே சொல்கின்றன. ஆபத்து அறிகுறி இல்லாத தாய் நடக்கலாம், இருக்கலாம், தண்ணீரும் இலகுவான உணவும் எடுக்கலாம். ஆனால் உங்களுக்குப் பெருக்கு வந்திருப்பதால் உணவைப் பற்றி மட்டும் விடுதியில் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். கையில் சேலைன் ஊசி ஏற்றிவிட்டால் நடக்க முடியாது என்பதில்லை. மல்லாந்து படுக்க முடியாவிட்டால் இடப்பக்கம் சரிந்து படுப்பதாகச் சொல்லுங்கள். அநேகமாக ஒருவரும் மறுக்கமாட்டார்கள்.

வெட்டித் தைப்பதைப் பற்றி விரிவாகக் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் வெட்டவேண்டும் என்ற பழைய வழக்கம் இப்போது கைவிடப்பட்டிருக்கிறது. போன தடவை வெட்டினார்கள் என்பதற்காக இந்தத் தடவையும் வெட்டவேண்டிய அவசியமும் இல்லை. என்றாலும் பிள்ளையின் இதயத் துடிப்பு குறையும்போதோ கருவி வைத்து எடுக்கும்போதோ அது தேவைப்படலாம். அப்போதும் ஒரு வசனம் சொல்லி, விறைப்பு ஊசி போட்டுத்தான் செய்யவேண்டும். "வெட்டுவதென்றால் சொல்லிவிட்டு வெட்டுங்கோ" என்று உள்ளே போகும்போதே சொல்லிவையுங்கள். அடம்பிடிப்பதாக எண்ணுவார்களோ என்று நீங்கள் பயப்படுவது எனக்கு விளங்குகிறது. துணை நிற்பவர் அதை உங்களுக்காகச் சிரித்த முகத்தோடு சொல்லலாம்.

பிள்ளை பிறந்து அழுதால், துடைத்தவுடன் உங்கள் வெறும் நெஞ்சில் கிடத்தி இருவரையும் சேர்த்துப் போர்த்தவேண்டும். கொடியை ஒரு நிமிடத்துக்குப் பின்னரே வெட்டவேண்டும். முதல் ஒரு மணித்தியாலம் பிள்ளை அங்கேயே இருந்து பால் தேடவேண்டும். நிறுப்பதும் அளப்பதும் ஊசி போடுவதும் பிறகு ஆறுதலாக நடக்கலாம். பிள்ளை பால் குடிக்கும்போது உங்கள் உடம்பே ஒட்சிற்றோசினைச் சுரந்து கருப்பையைச் சுருங்கவைக்கிறது. அது ஊசிக்கு மாற்றாகாது. ஆனால் உங்களைப் போன்ற ஒரு தாய்க்கு வீணாக்கக் கூடாத உதவி.

முப்பத்தொரு நாள்

துடக்குக் கழிவு வரை சரக்கும் வேதுக் குளிப்பும் வேண்டாமா என்று மாமியார் சார்பில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்று நான் ஏன் சொல்லவேண்டும்? ஒரு மாதம் தாயைப் பாரம் தூக்கவிடாமல், சூடாகச் சமைத்துக் கொடுத்து, இரவில் பிள்ளையைத் தாலாட்டி உதவும் ஏற்பாடு எந்த வைத்தியசாலையும் தரமுடியாத குடும்பப் பராமரிப்பு. மிளகும் மல்லியும் உள்ளியும் சேர்த்து அரைத்த சரக்குக் கறி நல்ல சாப்பாடு. தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பதை மட்டும் ஏற்காதீர்கள். பால் கொடுக்கும் தாய்க்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் வேண்டும். இலைக்கறியையும் பழத்தையும் மீனையும் விலக்காதீர்கள். பிள்ளைக்குத் தேனோ சீனித்தண்ணீரோ தொட்டு வைக்கவேண்டாம். கடும்புப்பால் கொஞ்சமாக வந்தாலும் அதுவே போதும். முதல் பத்து நாளுக்குள் குடும்பநல உத்தியோகத்தர் இரண்டு முறையாவது வீட்டுக்கு வரவேண்டும். வராவிட்டால் தொலைபேசியில் கூப்பிடுங்கள். காய்ச்சல், நாற்றமுள்ள போக்கு, திரும்பவும் கட்டிகட்டியாக இரத்தம், தாங்காத தலையிடி ஆகியவற்றில் எது வந்தாலும் துடக்கு, நாள், நட்சத்திரம் பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

இறுதியாக, நித்திரை குழம்புவது பற்றி. மூன்றரை வருடத்துக்குப் பின்னும் அந்த அறை கனவில் வருகிறதென்றால் அது உங்கள் பலவீனம் அல்ல. அந்த அனுபவம் மனத்தில் ஆறாத காயமாகக் கிடக்கிறது. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் ஒருமுறை பேசுங்கள், பிரசவத்துக்கு முன்னரே பேசுங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னாலே அனுப்பிவைப்பார். அன்று ஏசியவர்களைப் பற்றி முறையிடவேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வைத்தியசாலைப் பணிப்பாளருக்கோ பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கோ எழுத உங்களுக்குப் பூரண உரிமை உண்டு. மொழி மறுக்கப்பட்டதென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகமும் இருக்கிறது. ஆனால் கடிதத்தை இப்போதே அனுப்புவதா, பிள்ளை பிறந்து கை ஓய்ந்த பின் அனுப்புவதா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். நானென்றால் இப்போதே எழுதி வைத்துக்கொண்டு, தையில் அனுப்புவேன்.

பிள்ளை பிறந்த பின் நேரம் கிடைத்தால் இரண்டு வரி எழுதுங்கள். யார் கூட நின்றார் என்பதையும், ஹீமோகுளோபின் எத்தனையில் வந்து நின்றது என்பதையும் அதில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.